வர்க்கமூலம் இல்லாமல் கர்ணம்: அந்த நாலு வரி எங்கே பொருந்துகிறது, எங்கே வழுக்குகிறது

வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை அனுப்பி நீங்கள் கேட்டது இது: "போதையனார் என்ற தமிழ்ப் புலவர் பிதாகரசுக்கு முன்பே, வர்க்கமூலம் போடாமலேயே கர்ணத்தைக் கண்டுபிடிக்க வழி சொல்லிவிட்டாராமே? 3, 4 போட்டுப் பார்த்தேன், 5 வருகிறது. 5, 12 போட்டேன், 13 வருகிறது. இவ்வளவு எளிதாக இருப்பதைப் பள்ளிக்கூடத்தில் ஏன் சொல்லித் தருவதில்லை?"

கர்ணம் என்பது செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிரே உள்ள நீண்ட பக்கம். முதலில் செய்தியில் உள்ள செய்யுளைப் பார்ப்போம். கொஞ்சம் கொஞ்சம் மாறுபட்டுப் பல வடிவங்களில் சுற்றுகிறது. பெரும்பாலும் இப்படி:

ஓடும் நீளம் தனை ஒரேஎட்டுக்
கூறு ஆக்கிக் கூறிலே ஒன்றைத்
தள்ளிக் குன்றத்தில் பாதியாய்ச் சேர்த்தால்
வருவது கர்ணம் தானே

ஓடும் நீளம் என்பது தரையோடு போகும் பக்கம். குன்றம் என்பது உயரம். நீளத்தை எட்டுப் பங்காக்கி ஒரு பங்கைத் தள்ளிவிடு, உயரத்தில் பாதியை அதோடு கூட்டு, கர்ணம் கிடைக்கும். நம் பழைய பின்னக் கணக்கில் சொன்னால் நீளத்தில் முக்காலே அரைக்கால், உயரத்தில் அரை.

நீளம் 4, உயரம் 3 என்றால் 4-ல் எட்டில் ஒன்று அரை. அதைத் தள்ளினால் 3.5. உயரத்தில் பாதி 1.5. கூட்டினால் 5. நீளம் 12, உயரம் 5 என்றால் 10.5-உம் 2.5-உம் சேர்ந்து 13. நீங்கள் போட்டுப் பார்த்த இரண்டும் துல்லியமாகச் சரி. ஆனால் சோதிக்க உட்காரும் யாருக்குமே முதலில் நினைவுக்கு வருவது இந்த இரண்டு முக்கோணங்கள்தான். பள்ளியில் படித்ததில் மனதில் தங்கியவை அவைதான். 6, 8 போட்டால் 10 வரும். அது 3, 4-ஐ இரட்டித்தது. 15, 36 போட்டால் 39 வரும். அது 5, 12-ஐ மும்மடங்காக்கியது. நாலு கணக்கு போட்டு நாலும் சரியாக வந்தால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். அது உங்கள் தவறே இல்லை.

இப்போது வேறு எண்களைப் போடுவோம். எந்த எண்கள் என்று நானே தேர்ந்தெடுத்தால், வேண்டுமென்றே தோற்க வைத்ததாகத் தோன்றலாம். அதனால் சுல்ப சூத்திரம் எழுதிய போதாயனர் தந்த பட்டியலையே எடுத்துக்கொள்கிறேன். அந்த நூல் வேள்வி மேடைகளைக் கயிறு பிடித்து அளந்து கட்டுவதற்கான வடமொழி நூல். கி.மு. 800 வாக்கில் எழுதப்பட்டது என்று பலர் கணிக்கிறார்கள். செவ்வகத்தின் மூலைவிட்டம் உண்டாக்கும் சதுரம், நீளமும் அகலமும் தனித்தனியே உண்டாக்கும் சதுரங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்று அதில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். கையோடு ஆறு செவ்வகங்களையும் உதாரணமாகக் காட்டுகிறார்: 3-4, 12-5, 15-8, 7-24, 12-35, 15-36.

ஆறிலும் நம் செய்யுளை ஓட்டிப் பார்த்தேன். 3, 4-க்கு 5, சரி. 12, 5-க்கு 13, சரி. 15, 8-க்கு 17.125 வருகிறது, வரவேண்டியது 17. 24, 7-க்கு 24.5 வருகிறது, வரவேண்டியது 25. 35, 12-க்கு 36.625 வருகிறது, வரவேண்டியது 37. கடைசியாக 36, 15-க்கு 39, சரி. ஆனால் நான் மேலே சொன்னபடி அது 12, 5-இன் மும்மடங்குதான். ஆக, உண்மையில் சரியாக வந்த வடிவங்கள் இரண்டே இரண்டு.

இந்த இரண்டைத் தவிர வேறு எந்த வடிவத்துக்காவது இது மிகச் சரியாக வருமா? வராது. இதற்கு உறுதியான நிரூபணம் உண்டு, பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடு போதும். நீளத்தை 1 என்று வைத்து, உயரத்தை ஒரு தெரியாத எண்ணாக வையுங்கள். செய்யுள் தரும் விடை 7/8-உம் அந்த எண்ணின் பாதியும். இதன் வர்க்கம், 1-உடன் அந்த எண்ணின் வர்க்கத்தைக் கூட்டியதற்குச் சமமாக இருக்க வேண்டும். பின்னங்களை நீக்கி ஒழுங்குபடுத்தினால் கிடைப்பது இது: எண்ணின் வர்க்கத்தை 48-ஆல் பெருக்கி, எண்ணை 56-ஆல் பெருக்கிக் கழித்து, 15 கூட்டினால் பூஜ்யம். இதற்குத் தீர்வுகள் இரண்டு. ஒன்று 3/4, மற்றொன்று 5/12. வேறு எதுவும் கிடையாது. முதன்முதலில் இதைத் தாளில் போட்டு, அந்த இரண்டு பின்னங்களும் வந்து நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 3-4-5 முக்கோணமும் 5-12-13 முக்கோணமும் அந்தச் செய்யுளுக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன.

இதை மறுபக்கத்திலிருந்தும் பார்க்கலாம். "நீளத்தில் ஒரு பங்கு, உயரத்தில் ஒரு பங்கு, இரண்டையும் கூட்டினால் கர்ணம்" என்ற மாதிரியான எளிய விதி ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது 3-4-5-க்கும் 5-12-13-க்கும் பிசகாமல் பொருந்த வேண்டும். அப்படியானால் அந்தப் பங்குகள் என்ன? இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாத எண்கள். 4-இல் நீளத்தின் பங்கும் 3-இல் உயரத்தின் பங்கும் சேர்ந்து 5. 12-இல் நீளத்தின் பங்கும் 5-இல் உயரத்தின் பங்கும் சேர்ந்து 13. முதல் சமன்பாட்டை மும்மடங்காக்கி இரண்டாவதைக் கழித்தால் உயரத்தின் பங்கு அரை என்று வந்துவிடும். நீளத்தின் பங்கு 7/8. வேறு விடைக்கு இடமே இல்லை. எனவே இந்த எட்டும் பாதியும் குருட்டாம்போக்கில் வந்தவை அல்ல என்பது என் கருத்து. அந்த இரண்டு முக்கோணங்களையும் கையில் வைத்திருந்த ஒருவர், இரண்டுக்கும் பொதுவாக ஒரு சுலபமான கணக்கைத் தேடிப் பிடித்திருக்கிறார். போதாயனரின் பட்டியலில் முதலில் நிற்கும் இரண்டும் அவைதான் என்பதையும் கவனியுங்கள்.

அப்படியானால் இன்னும் புத்திசாலித்தனமாக வேறு பங்குகளைத் தேர்ந்தெடுத்தால் எல்லா முக்கோணத்துக்கும் பொருந்துமா என்று அடுத்த கேள்வி எழும். எந்தப் பங்கை எடுத்தாலும் பொருந்தாது. பங்குகளைக் கூட்டிய தொகையை வர்க்கப்படுத்திப் பாருங்கள். நீளமும் உயரமும் ஒன்றோடொன்று பெருக்கப்பட்ட ஓர் உறுப்பு நடுவில் வந்து உட்காரும். பிதாகரஸ் தேற்றத்தில் அந்த உறுப்பு கிடையாது. அது மறைய வேண்டுமென்றால் இரண்டு பங்குகளில் ஒன்று பூஜ்யமாக வேண்டும். பூஜ்யமானால் ஒரு பக்கமே கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். வர்க்கமூலத்தைத் தவிர்த்துவிட்டு, கூட்டலை மட்டும் நம்பி, எல்லா முக்கோணத்துக்கும் துல்லியமாகக் கர்ணம் காண முடியாது.

படமாக யோசித்தால் இன்னும் தெளிவாகும். தரையில் ஒரு முளை அடித்து, 1 மீட்டர் கயிற்றால் கால் வட்டம் வரையுங்கள். அந்த வளைவில் எந்த இடத்தில் நின்றாலும் முளையிலிருந்து தூரம், அதாவது கர்ணம், சரியாக 1 மீட்டர். இப்போது செய்யுள் எந்தெந்த இடங்களுக்கு "1 மீட்டர்" என்று சொல்கிறதோ அந்த இடங்களை எல்லாம் புள்ளி வையுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் அமையும். அந்த நேர்கோடு வளைவை இரண்டு இடங்களில் வெட்டும். ஒன்று 3-4-5, மற்றொன்று 5-12-13. அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே வளைவு கோட்டைத் தாண்டி வெளியே பிதுங்கும். அங்கே செய்யுள் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும். அவற்றுக்கு அப்பால் இரண்டு பக்கமும் குறைத்துச் சொல்லும். வில்லில் நாண் ஏற்றினது போல ஒரு வளைவுக்கு நேர்கோடு கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நடுவில் எவ்வளவு கூடுதல்? இங்கேதான் இந்த விதியின் அருமை தெரிகிறது. உயரம் நீளத்தில் ஏழில் நாலு பங்கு இருக்கும்போது பிழை உச்சம். அந்த உச்சமே 0.78 சதவீதம்தான். நீளம் 7, உயரம் 4 என்றால் செய்யுள் 8.125 என்கிறது, உண்மை 8.062.

கூரைக்குக் கைமரம் அறுப்பதை எண்ணிப் பாருங்கள். வீட்டின் பாதி அகலம் 12 அடி, முகடு 7 அடி உயரம். செய்யுள் கணக்குப்படி பத்தரையும் மூன்றரையும் சேர்ந்து 14 அடி. உண்மையான நீளம் 13 அடி, கிட்டத்தட்ட பத்தே முக்கால் அங்குலம். ஒன்றேகால் அங்குலம் கூடுதல். மரவேலையில் கூடுதல் என்றால் இழைத்துவிடலாம், குறைந்தால் ஒட்டுப்போட முடியாது. இந்த விதி நம்பகமாக இருக்கும் எல்லை உயரம் நீளத்தில் 5/12 முதல் 3/4 வரை. கோணமாகச் சொன்னால் சுமார் 22.6 டிகிரியிலிருந்து 36.9 டிகிரி வரை. ஓட்டுக் கூரைகளின் வாட்டம் பெரும்பாலும் இதற்குள்ளேதான் விழுகிறது. அந்த எல்லைக்குள் இது ஒருபோதும் குறைத்துச் சொல்வதில்லை. ஒரு தச்சருக்கு வேண்டியது அதுதான்.

இன்னொன்றும் எனக்கு மிகவும் பிடிக்கும். இந்தக் கணக்கைப் போட எண்ணே தேவையில்லை, கயிறு போதும். நீளத்தின் அளவுக்கு ஒரு கயிறு எடுத்து, அதைப் பாதியாக, மறுபடி பாதியாக, மறுபடியும் பாதியாக மடித்தால் எட்டில் ஒரு பங்கு. அந்த அளவை வெட்டிவிடுங்கள். உயரத்தின் அளவுக்கு இன்னொரு கயிறு எடுத்து ஒரே ஒரு மடிப்பு, பாதி. இரண்டையும் முடிந்தால் கர்ணம். அடிக்கோல் இல்லை, எழுத்து இல்லை, வாய்ப்பாடு இல்லை. நீளத்தில் ஏழில் ஒரு பங்கோ ஒன்பதில் ஒரு பங்கோ தள்ளச் சொல்லியிருந்தால் கயிற்றைப் பாதி பாதியாக மடித்து அதைச் செய்ய முடியாது. தரையில் மூலைமட்டம் வைத்துக் கோடு கிழித்து நேரடியாகவே அளந்துவிடலாம் என்பது உண்மைதான். அதற்கு அவ்வளவு பெரிய சமதரை வேண்டும்.

எல்லைக்கு வெளியே போனால் நிலைமை வேறு. சக்கர நாற்காலிக்காகச் சாய்தளம் கட்டுகிறீர்கள். வழக்கமான அளவு, 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். செய்யுளின்படி பத்தரையும் அரையும் சேர்ந்து 11 அடி. தரை நீளமே 12 அடி இருக்கும்போது அதன் மேலே சாய்ந்து போகும் பலகை எப்படி 11 அடி ஆகும்? உண்மை 12 அடிக்குக் கொஞ்சம் மேலே. உயரம் நீளத்தில் கால் பங்குக்குக் கீழே போனாலே இந்த விதி, கர்ணம் தரையை விடச் சிறியது என்று சொல்ல ஆரம்பித்துவிடும். தரை மேலும் தட்டையாக ஆக, பிழை எட்டில் ஒரு பங்கை, அதாவது 12.5 சதவீதத்தை நெருங்கும்.

ஏணி இன்னும் மோசம். சுவரில் 16 அடி உயரத்தைத் தொட வேண்டும், ஏணியின் கால் சுவரிலிருந்து 4 அடி தள்ளி இருக்கிறது. செய்யுளை வரிக்கு வரி அப்படியே எடுத்துக்கொண்டால் ஓடும் நீளம் 4, குன்றம் 16. மூன்றரையும் எட்டும் சேர்ந்து 11.5 அடி. 16 அடிச் சுவருக்கு 11.5 அடி ஏணி! எனவே இரண்டு பக்கங்களில் பெரியது எதுவோ அதைத்தான் "நீளம்" என்று எடுக்க வேண்டும். சுற்றிவரும் செய்தியில் இந்த நிபந்தனையே இருக்காது. பெரியதை நீளமாக எடுத்தால் பதினாலும் இரண்டும் 16 வரும். உண்மை 16.49.

இரண்டு திருத்தங்கள் செய்தால் இதை எங்கும் பயன்படுத்தலாம். பெரிய பக்கத்தையே நீளமாக எடுங்கள். சிறிய பக்கம் பெரியதில் கால் பங்குக்கும் குறைவு என்றால் கணக்கே போடாமல் பெரிய பக்கத்தையே கர்ணமாக வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் எந்தச் செங்கோண முக்கோணத்துக்கும் பிழை 3 சதவீதத்தைத் தாண்டாது. வாய்க்கணக்குக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதே யோசனை இன்று மின்னணுக் கருவிகளில் உயிரோடு இருக்கிறது. சிக்னல் செயலாக்கத்தில் ஒவ்வொரு நொடியும் ஏராளமான முறை இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டி வரும். சிறிய சில்லுகளுக்கு அது சுமை. அதனால் "பெரிய எண்ணில் இவ்வளவு பங்கு, சிறிய எண்ணில் இவ்வளவு பங்கு, கூட்டு" என்ற தோராய முறையை வைத்திருக்கிறார்கள். பிழையை எல்லாக் கோணத்துக்கும் சமமாகப் பரப்ப வேண்டுமானால் சிறந்த பங்குகள் ஏறத்தாழ 0.96-உம் 0.398-உம், அப்போது பிழை 4 சதவீதத்துக்குள் நிற்கும். அரை, அரைக்கால் போன்ற பின்னங்கள் அவர்களுக்கும் பிடித்தமானவை, ஏனென்றால் இரண்டால் வகுப்பது கணினிக்கு இலக்கங்களை ஓர் இடம் நகர்த்துவதுதான். கயிற்றை மடிப்பது போலத்தான் அதுவும்.

சரி, "பிதாகரசுக்கு முன்பே" என்ற பகுதிக்கு வருகிறேன். பிதாகரஸ் வாழ்ந்தது கி.மு. 6-ஆம் நூற்றாண்டு. அவர் எழுதியது என்று ஒரு வரிகூட இன்று இல்லை. தேற்றத்தின் பெயர் அவருடையதாக இருந்தாலும் அந்த உறவு அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முன்பே பாபிலோனியருக்குத் தெரியும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உள்ள பிளிம்ப்டன் 322 என்ற களிமண் பலகை கி.மு. 1800 வாக்கிலானது, அதில் இத்தகைய முக்கோணங்களின் எண்கள் பட்டியலாகவே இருக்கின்றன. நம் போதாயனரும் பிதாகரசுக்கு முந்தியவர் என்றே பலர் கருதுகிறார்கள். இன்று பாடப்புத்தகத்தில் இருப்பது போன்ற முறையான நிரூபணம் கி.மு. 300 வாக்கில் யூக்ளிடின் நூலில் வருகிறது. எனவே பிதாகரசை முந்த வேண்டும் என்ற ஓட்டப்பந்தயமே பொருளற்றது. அதை முந்தியவர்கள் பலர்.

செய்யுளின் வயதைப் பொறுத்தவரை, எந்தச் சுவடி, எந்த நூல், எத்தனையாவது பாட்டு என்று ஃபார்வர்டு சொல்வதில்லை. அதைச் சொல்லாமல் 2500 ஆண்டு என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். "சேர்த்தால் வருவது கர்ணம் தானே" என்ற நடை சங்கப் பாட்டின் நடை இல்லை, பிற்காலத்துப் பேச்சுக்கு நெருங்கிய நடை. "கர்ணம்" என்பதே வடமொழிக் கணித நூல்களில் மூலைவிட்டத்துக்கு வழங்கும் சொல். போதையனார் என்ற பெயரும் போதாயனர் என்ற பெயரும் காதுக்கு எவ்வளவு நெருங்கி ஒலிக்கின்றன என்பதையும் யோசியுங்கள்.

தமிழில் துல்லியமான கணக்குச் செய்யுள் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது, அதையும் உங்கள் குழுவில் அனுப்புங்கள். கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணித நூலில் வரும் வரி: "வட்டத்தரை கொண்டு விட்டத்தரை தாக்கச் சட்டெனத் தோன்றும் குழி." வட்டத்தின் சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு, பரப்பு கிடைக்கும். இதில் தோராயமே இல்லை. பெரிய வட்டம், சிறிய வட்டம் என்ற பேதமில்லாமல் எல்லாவற்றுக்கும் பிசகின்றிச் சரி. நீங்கள் விரும்பும் எண்ணைப் போட்டு எத்தனை முறை வேண்டுமானாலும் சோதிக்கலாம், தோற்காது.

பள்ளியில் ஏன் சொல்லித் தருவதில்லை என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: தேற்றத்துக்குப் பதிலாக இதைச் சொல்லித் தந்தால் பிள்ளைகளுக்குக் கெடுதல். தேற்றத்தோடு சேர்த்துச் சொல்லித் தந்தால் மிக நல்லது. வீட்டில் ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால் செய்யுளை மட்டும் கொடுத்து, "இது எந்தெந்த முக்கோணத்துக்குப் பொருந்தும்? நீயே கண்டுபிடி" என்று விட்டுவிடுங்கள். முதலில் 3, 4 போட்டு "சரியாக வருகிறது" என்று ஓடிவரும். 8, 15 போடச் சொல்லுங்கள். 17.125 வந்ததும் புருவத்தைச் சுருக்கும். அந்த நேரத்தில் மட்டும் விடையைச் சொல்லிவிடாதீர்கள். தாளையும் பென்சிலையும் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள்.